இரண்டு கைகளும் ஒரு படிக்கட்டுத் தடுப்புக் கதவும்: வீட்டுக் குழந்தைக் காப்பகத்துக்கான உரிம விண்ணப்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வீட்டிலேயே குழந்தைக் காப்பகம் நடத்துவதற்கு உரிமம் கேட்டு விண்ணப்பித்த ஒரு பெண்மணிக்கு, எல்லாத் தாள்களும் ஒழுங்காக இருந்தும், முதல் ஆய்வில் உரிமம் கிடைக்கவில்லை. அவர் விண்ணப்பம் எழுதத் தொடங்கிய நாள் முதல் பயிற்சியாளராக உடனிருந்தது நான். அந்த ஆய்வு தடைபடக் காரணமாக இருந்த பொருளை வாங்கிப் பொருத்தச் சொன்னதும் நான்தான். ஆகவே இதில் விண்ணப்பதாரரின் பிழைகளோடு என் பிழையும் பதிவாகிறது. அவரையோ பெற்றோர்களையோ அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

அவர் குழந்தைகள் மையம் ஒன்றில் 7 ஆண்டுகள் உதவியாளராக வேலை பார்த்தவர். மகன் பிறந்தபின் வேலையை விட்டார். மகனுக்கு ஒன்றரை வயதானபோது, இவனைப் பார்த்துக்கொள்ளும் நேரத்தில் இன்னும் சில குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டால் வருமானமும் ஆயிற்று, மகனுக்குத் துணையும் ஆயிற்று என்று நினைத்தார். மாடியும் கீழ்த்தளமும் கொண்ட வாடகை வீடு; கணவர் பகலில் வெளியே வேலைக்குச் செல்பவர். அக்கம்பக்கத்தில் பேச்சுவாக்கில் சொன்னதற்கே பெற்றோர் வரிசையாக விசாரிக்கத் தொடங்கினார்கள். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே அவர் மூன்று குடும்பங்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அவற்றில் இரண்டு, கைக்குழந்தைகள் உள்ள குடும்பங்கள்: ஒன்றுக்கு 7 மாதம், மற்றதற்கு 11 மாதம்.

தாள்கள் சம்பந்தப்பட்ட பகுதியில் அவருக்குப் பெரிய சிரமம் இருக்கவில்லை. தனக்கும் கணவருக்கும் காவல்துறைப் பின்னணிச் சரிபார்ப்பு, மருத்துவத் தகுதிச் சான்று, குழந்தைகளுக்கான முதலுதவிப் பயிற்சி, வீட்டு உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதம், பொறுப்புக் காப்பீடு ஆகிய அனைத்தையும் இரண்டு மாதத்தில் சேர்த்துவிட்டார். சாதாரண வீட்டுக் காப்பீடு, வீட்டில் நடக்கும் தொழிலால் ஏற்படும் பொறுப்பைப் பெரும்பாலும் ஏற்பதில்லை என்பதால் காப்பகத்துக்கென்று தனி பாலிசி எடுக்க வேண்டியிருந்தது. ஒரே ஒரு சிக்கல், வார இறுதிகளில் வந்து தங்கும் கொழுந்தனார். 'அவர் குழந்தைகளைத் தொடக்கூட மாட்டாரே, அவருக்கு எதற்குச் சரிபார்ப்பு?' என்று இவர் கேட்டார். காப்பகம் நடத்துபவரை மட்டுமல்லாமல், அதே கூரையின் கீழ் வாழும் பெரியவர்கள் அனைவரையும் சரிபார்ப்பதுதான் பல நாடுகளின் நடைமுறை. இங்கிலாந்தில் 16 வயது நிறைந்த ஒவ்வொருவரும் இதற்குள் வருகிறார்கள். கொழுந்தனாரும் கைரேகை கொடுத்தார்; விஷயம் அதோடு முடிந்தது.

ஆறு என்பது ஆறல்ல

அவர் வசித்த பகுதியின் விதி, தனி ஒருவர் நடத்தும் வீட்டுக் காப்பகத்தில் அதிகபட்சம் 6 குழந்தைகள், அவர்களில் 2 வயது நிறையாதவர்கள் இருவருக்கு மேல் கூடாது என்பது. அவர் இதை 6 கட்டணங்கள் என்று வாசித்தார். வீட்டுச் செலவுக்கான கணக்கையும் அதன்மேல்தான் போட்டிருந்தார். அவருடைய சொந்த மகன் அந்த 6 பேரில் ஒருவன் என்பதும், 2 வயது நிறையாதவர்களுக்கான இரண்டு இடங்களில் ஒன்றை அவன் ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கிறான் என்பதும் விண்ணப்பப் படிவத்தின் நான்காம் பக்கத்தை நிரப்பும்போதுதான் அவருக்கு உறைத்தது.

இது அவருடைய பகுதிக்கு மட்டும் உரிய கெடுபிடி அல்ல. இங்கிலாந்தில் வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர் 8 வயதுக்கு உட்பட்ட 6 பேரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவர்களில் பள்ளிப் பருவத்துக்கு முந்தைய சிறு குழந்தைகள் பொதுவாக மூவர் மட்டுமே, அந்த மூவரிலும் ஒரு வயது நிறையாதது ஒன்றுதான். அவருடைய சொந்தப் பிள்ளைகளும் இந்த எண்ணிக்கையில் சேர்வார்கள். ஆஸ்திரேலியாவில் 7 பேர் வரை அனுமதி உண்டு என்றாலும் பள்ளி வயதை எட்டாதவர்கள் 4 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உரிமம் பெற்ற முகமையின் கீழ் நடத்துபவருக்கு 6, முகமையின்றித் தனியாக நடத்துபவருக்கு 5. எண்கள் ஊருக்கு ஊர் வேறுபட்டாலும் அடியில் ஓடும் கேள்வி ஒன்றுதான்: தானாக நடந்து வெளியேற முடியாத குழந்தைகள் எத்தனை பேர், அவர்களைத் தூக்கக் கைகள் எத்தனை? இந்தக் கேள்வியை நான் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அது என்னையே வந்து இடிக்கும் என்று அப்போது எதிர்பார்க்கவில்லை.

வாக்குக் கொடுத்த இரண்டு கைக்குழந்தைகளில் ஒன்றை அவர் மறுக்க வேண்டியதாயிற்று. 11 மாதக் குழந்தையின் தாய்க்கு விரைவில் வேலையில் சேர வேண்டிய கட்டாயம் இருந்ததால் அந்தக் குடும்பத்தை வைத்துக்கொண்டு, மற்றவரிடம் மன்னிப்புக் கேட்டார். அந்தத் தொலைபேசி உரையாடல், உரிமம் பெறும் வேலையிலேயே தனக்கு மிகக் கடினமாக இருந்த பத்து நிமிடம் என்று பிற்பாடு சொன்னார்.

அடுத்து வந்தது இடத்தின் கணக்கு. அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஒரு குழந்தைக்கு உள்ளே 35 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 3.25 சதுர மீட்டர் என்பது பழக்கமான அளவு. அவருடைய பகுதியிலும் அதுவே. கூடத்தின் மொத்தப் பரப்பு 20 சதுர மீட்டர் என்பதால் 6 பேருக்குத் தாராளம் என்று நினைத்திருந்தார். ஆனால் அளக்கப்படுவது குழந்தை தவழவும் உருளவும் கூடிய வெற்றுத் தரை. சோபா, சாப்பாட்டு மேசை, நடைவழி ஆகியவற்றைக் கழித்தபோது மிஞ்சியது 13 சதுர மீட்டர். அது நான்கு குழந்தைகளுக்கே போதும். சோபாவை மாடிக்கு ஏற்றியபின் 17 ஆயிற்று, ஐந்து பேர். மகனைக் கழித்தால் கட்டணம் தரும் இடங்கள் நான்கு. 6 கட்டணங்கள் என்று போட்டிருந்த வருமானக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கை, மகனின் இடமும் அளவு நாடாவும் சேர்ந்து குறைத்துவிட்டன.

முதல் ஆய்வு

ஆய்வாளர் வந்தபோது வீடு கண்ணாடிபோல் துலங்கியது. மின்சார பிளக்குகளுக்கு மூடி, சமையலறை அலமாரிகளுக்குப் பூட்டு, ஜன்னல் திரைகளின் தொங்கும் கயிறுகள் கைக்கு எட்டாத உயரத்தில், தேதி தாண்டாத தீயணைப்பான், ஒவ்வொரு தளத்திலும் புகை அலாரம் என்று எல்லாம் இருந்தன. விளையாட்டுச் சாமான்களைக்கூட அவர் ஒவ்வொன்றாகச் சலித்திருந்தார். 3.17 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள சோதனைக் குழலுக்குள் முழுதாக நுழையும் எதுவும் 3 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மூச்சடைக்கும் அபாயம் என்பதால் அப்படிப்பட்டவை ஒரு பெட்டியில் கட்டி மேலேற்றப்பட்டிருந்தன. பட்டன் பேட்டரி போட்ட பாடும் பொம்மை ஒன்றை முழுவதுமாகவே வீட்டை விட்டு வெளியேற்றியிருந்தார். விழுங்கப்பட்ட பட்டன் பேட்டரி உணவுக்குழாயை இரண்டு மணி நேரத்துக்குள் அரித்துவிடக்கூடும் என்பதை முதலுதவி வகுப்பில் கேட்டபின் அதை வைத்திருக்க அவருக்கு மனம் வரவில்லை.

தூங்கும் அறை மாடியில் இருந்தது. அமைதியான அறை, வெளிச்சம் குறைவு, இடைவெளி விட்டுப் போட்ட தொட்டில்கள். மாடிப்படியின் மேல்முனையில், என் ஆலோசனைப்படி வாங்கிய, சுவரில் திருகி இறுக்கிய படிக்கட்டு கேட் (தடுப்புக் கதவு). அது நல்ல தரமானது. குழந்தை எவ்வளவு உலுக்கினாலும் திறக்காது. ஒரு கையால் பொத்தானை அழுத்திப் பிடித்து மறு கையால் கதவைத் தூக்கினால்தான் திறக்கும்.

ஆய்வாளர் அந்த அறையில் நின்றுகொண்டு நிதானமாகச் சொன்னார்: "மதியம் இரண்டு மணி. எல்லோரும் இங்கே தூங்குகிறார்கள். புகை அலாரம் அடிக்கிறது. எப்படிக் கீழே கொண்டுபோவீர்கள் என்று செய்து காட்டுங்கள்."

அவர் மகனுடைய பெரிய பொம்மையை இடக்கையிலும், குழந்தை அளவுக்குச் சுருட்டிய கம்பளியை வலக்கையிலும் எடுத்துக்கொண்டார். நடக்கக்கூடிய மற்ற மூவர் பின்னால் வருவதாகப் பாவித்து, அவர்களைப் பெயர் சொல்லி அழைத்தபடியே படிக்கட்டை நோக்கி விரைந்தார். கேட்டின் முன்னால் நின்றார். இரண்டு கைகளும் நிறைந்திருந்தன. முழங்கையால் பொத்தானை அழுத்திப் பார்த்தார், முடியவில்லை. கடைசியில் கம்பளியைத் தரையில் வைத்துவிட்டுக் கேட்டைத் திறந்தார். உண்மையில் புகை சூழ்ந்திருந்தால் அது தரையில் வைக்கப்பட்ட கைக்குழந்தை. கேட் திறந்த கணத்தில் 3 வயதுக் குழந்தை தனியாகப் படியில் கால் வைத்திருக்கும். கீழே இறங்கியபின் வாசற்கதவு உள்பக்கம் சாவி போட்டுப் பூட்டியிருந்தது. சாவி சமையலறையில் ஓர் ஆணியில் தொங்கியது.

ஆய்வாளர் ஒரு குறையும் சொல்லவில்லை, எழுதிக்கொண்டார். விண்ணப்பம் நிராகரிக்கப்படவில்லை, குறைகள் நீங்கும்வரை நிறுத்திவைக்கப்பட்டது. தூங்கும் இடம், வாசற்பூட்டு, தொட்டில்களில் ஒன்று என மூன்று குறைகள்.

இந்த இடத்தில் என் பங்கைச் சொல்ல வேண்டும். ஆய்வுக்கு ஒரு வாரம் முன்பு நான் அந்த வீட்டைச் சுற்றிப் பார்த்து, சரிபார்ப்புப் பட்டியலில் 'படிக்கட்டு கேட் உண்டு' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். பொருள் இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, அந்தப் பொருளை யார், எந்த நிலையில், எந்தக் கையால் பயன்படுத்தப்போகிறார்கள் என்று பார்க்கவில்லை. குழந்தை விழாமலிருக்கப் போட்ட தடுப்பு, குழந்தை தப்பாமலிருக்கும் தடுப்பாகவும் ஆகக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

திருத்தங்கள்

கேட்டை மாற்றினால் போதும் என்பதே அவருடைய முதல் எண்ணம். ஒரு கையால் திறக்கும் வகைகளும் கிடைக்கின்றன. ஆனால் கேட் மாறினாலும் படிக்கட்டு மாறாது. தனியாள் ஒருவர், தூக்க வேண்டிய குழந்தைகளையும் நடத்த வேண்டிய குழந்தைகளையும் சேர்த்து மாடியிலிருந்து இறக்கும் ஏற்பாடே பலவீனமானது என்று முடிவுசெய்து, கீழ்த்தளத்தில் சாமான் போட்டுவைத்திருந்த பின்னறையைக் காலிசெய்தோம். அதற்கு வெளியே திறக்கும் கதவு ஒன்று இருந்தது. முன்னால் பழைய அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்ததால் அது கதவு என்பதே மறந்துபோயிருந்தது. மாடி, காப்பக நேரத்தில் குழந்தைகள் ஏறாத பகுதி என்று விண்ணப்ப வரைபடத்தில் அடித்து எழுதப்பட்டது. வாசலிலும் பின்கதவிலும் உள்பக்கம் சாவியில்லாமல் கையால் திருகித் திறக்கும் பூட்டு வந்தது.

கைக்குழந்தைகளைத் தூக்குவதற்குப் பதிலாகத் தள்ளிக்கொண்டு போகலாம் என்று உறுதியான சக்கரங்கள் வைத்த தொட்டில் வாங்கத் தீர்மானித்தார். முதலில் பிடித்துப்போன மாடல், அளந்து பார்த்தபோது பின்கதவின் நிலையைவிட 4 சென்டிமீட்டர் அகலம். கடைக்குப் போகும் முன் கதவை அளந்தது அந்த வாரத்தின் நல்ல காரியம். ஆய்வாளர் குறித்த மூன்றாவது குறை, உறவினர் ஒருவர் அன்பாகக் கொடுத்த பழைய தொட்டில். அதன் பக்கச் சட்டம் மேலும் கீழும் சறுக்கி இறங்கும் வகை. சட்டம் கழன்று, இடுக்கில் குழந்தை சிக்கி மூச்சுமுட்டிய மரணங்களுக்குப் பிறகு 2011-இல் அமெரிக்கா இவ்வகைத் தொட்டில்களின் விற்பனையைத் தடைசெய்தது. காப்பகங்களும் அவற்றை மாற்ற வேண்டியதாயிற்று. வேறு யாருக்கும் கொடுத்துவிடாமல் அதைப் பிரித்துப்போடச் சொன்னேன். புதிய தொட்டிலின் கம்பிகளுக்கு இடையே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இல்லை என்பதை அவரே அளவுகோல் வைத்துப் பார்த்தார்.

பிறகு ஒத்திகை. 9 கிலோ, 11 கிலோ எடையில் இரண்டு பைகளைக் கட்டி, குழந்தைகளுக்குப் பதிலாகப் படுக்கவைத்தோம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக முதலில் மாடியிலிருந்தே இறக்கச் சொன்னேன். வாசலுக்கு வெளியே வர மூன்று நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. கீழறையிலிருந்து ஒரு நிமிடத்துக்குச் சற்றே கூடுதல். பின்கதவுக்கு அருகில் ஒரு பை தொங்குகிறது: வருகைப் பதிவேடு, பெற்றோரின் தொலைபேசி எண்கள், ஒவ்வாமை விவரங்கள், ஒரு கம்பளி, சில டயப்பர்கள். வெளியே போனதும் செய்ய வேண்டிய முதல் காரியம் பதிவேட்டைப் பார்த்துத் தலை எண்ணுவது. வீட்டில் எல்லாம் சரியாக இருக்கும்போதே வருகைப் பதிவேட்டை நிமிடக் கணக்கில் எழுத வேண்டியது ஏன் என்று அவர் முன்பு ஒருமுறை சலித்துக்கொண்டதுண்டு. இந்த ஒத்திகைக்குப் பிறகு நான் அதை நினைவுபடுத்தத் தேவைப்படவில்லை.

ஐந்து வாரம் கழித்து வந்த மறு ஆய்வு அரை மணி நேரத்தில் முடிந்தது. மகன் உட்பட 5 குழந்தைகளுக்கு உரிமம் கிடைத்தது.

தொடக்க மாதங்கள்

உரிமம் கிடைத்தபின் வந்த சிக்கல்கள் எல்லாமே பெற்றோரோடு வந்தவை. முதலாவது, தூக்கம். சேர்த்துக்கொண்ட கைக்குழந்தையின் தாய், "இவன் குப்புறப் படுத்தால்தான் தூங்குவான் அக்கா, வீட்டில் அப்படித்தான் போடுகிறேன்" என்றார். கைக்குழந்தையை மல்லாத்தி, உறுதியான சமதளப் படுக்கையில், தலையணையும் போர்வையும் பொம்மையும் இல்லாமல் தனியாகத் தூங்கவைக்க வேண்டும் என்பது காப்பக விதி. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 1992-இல் குப்புறப் போட வேண்டாம் என்று அறிவுறுத்தி, 1994-இல் நாடு தழுவிய பிரசாரமும் தொடங்கியபின், குழந்தைகளின் திடீர் மரணங்கள் அங்கே பாதிக்கும் கீழாகக் குறைந்தன. காப்பகப் பெண்மணி வாதாடவில்லை. விதி இருக்கும் பக்கத்தைக் காட்டி, மாற்றாகச் செய்ய வேண்டுமானால் மருத்துவரின் எழுத்துப்பூர்வமான காரணம் வேண்டும் என்றார். குழந்தை மூன்று நாள் அழுது, நான்காம் நாள் தூங்கியது. தானாகவே இருபுறமும் புரளத் தெரிந்த குழந்தை என்பதால், தூக்கத்தில் அது புரண்டுகொண்டால் திருப்பிப் போட வேண்டியதில்லை என்பதையும் தாய்க்கு விளக்கினார்.

இரண்டாவது, மருந்து, எனக்கு இன்றும் கவலை தரும் பகுதி இதுதான். மூன்றாம் வாரத்தில் ஒரு தந்தை, காய்ச்சல் சிரப் பாட்டிலை டயப்பர் பைக்குள் வைத்துவிட்டு, 'சூடாக இருந்தால் கொடுங்கள்' என்று சொல்லிவிட்டு அவசரமாகக் கிளம்பினார். பத்து மணிக்குக் குழந்தையின் உடல் சுட்டது. பாராசிட்டமால் சிரப் ஒரே அடர்த்தியில் வருவதில்லை. அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. இரண்டு வேளைகளுக்கு இடையே குறைந்தது 4 மணி நேரம் வேண்டும். பாட்டிலின் லேபிள் பாதி கிழிந்திருந்தது. ஒப்புதல் படிவம் இல்லாததால் அவர் மருந்து கொடுக்காமல் தாயை அழைத்தார். தாய் எட்டரை மணிக்கு வீட்டில் ஒரு வேளை கொடுத்திருந்தார். தந்தைக்கு அது தெரியாது. அன்று மாலையே அவர் வருகைப் பதிவேட்டில் 'கடைசியாகக் கொடுத்த மருந்து, மணி' என்று ஒரு பத்தியைக் கோடு போட்டுச் சேர்த்தார். அந்த யோசனை எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இருந்து வந்ததல்ல. இப்போது என் வகுப்புகளில் நான் அதைக் கொடுக்கிறேன்.

மூன்றாவது, அழைத்துப்போக வருபவர். ஒரு மாலை, பட்டியலில் பெயர் இல்லாத மாமா வந்து நின்றார். குழந்தை ஓடிப்போய் அவருடைய காலைக் கட்டிக்கொண்டது. உறவு பொய்யில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் தாயின் எழுத்துப்பூர்வமான செய்தி வரும்வரை இருபது நிமிடம் அவரை வாசலில் உட்காரவைத்தார். அன்று மாமா கோபித்துக்கொண்டார், தாயும் வருத்தப்பட்டார். மறுநாள் காலை தாய் பட்டியலில் இரண்டு பெயர்களைச் சேர்த்து எழுதிக்கொடுத்தார்.

முன்னறிவிப்பின்றி வரும் ஆய்வு ஐந்தாம் மாதத்தில் நடந்தது. மணி அடித்தபோது அவர் டயப்பர் மாற்றிக்கொண்டிருந்தார். குழந்தையை மேசைமேல் விட்டுவிட்டு ஓடாமல், கையில் தூக்கிக்கொண்டே போய்க் கதவைத் திறந்தார். ஆய்வாளர் முதலில் கேட்டது பதிவேடு. ஐந்து பெயர்கள், கண்ணெதிரே நான்கு குழந்தைகள். "ஐந்தாவது டாய்லெட்டில் இருக்கிறான், கதவு திறந்திருக்கிறது, பாடுவது கேட்கிறதா?" என்றார் இவர். கேட்டது.

இப்போது அவருடைய மகனுக்கு 2 வயது நிறைந்துவிட்டது. 2 வயது நிறையாதவர்களுக்கான இடங்களில் ஒன்று காலியானது. முன்பு மறுக்கப்பட்ட குடும்பம் வேறு காப்பகத்தில் சேர்ந்துவிட்டதால், ஏற்கெனவே வரும் ஒரு குழந்தையின் தங்கையை, அவளுக்கு 6 மாதம் ஆனதும், மொத்தம் 5 பேரிலும் ஓர் இடம் காலியானால், சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு முன் சக்கரத் தொட்டிலில் இரண்டு எடைப் பைகளையும் ஒன்றாக வைத்து, மகனையும் மற்றப் பிள்ளைகளையும் கயிற்றைப் பிடித்து நடக்கவைத்து, பின்கதவு வழியாக இன்னொரு முறை ஒத்திகை பார்க்க வேண்டும் என்று என்னை வரச் சொல்லியிருக்கிறார். இந்த முறை நான் கையில் சரிபார்ப்புப் பட்டியலோடு கடிகாரத்தையும் எடுத்துப்போகிறேன்.